இறந்ததாகச் சொல்லப்பட்ட பாடகர்

செய்தி ஒன்று செவிக்கு எட்டியதும், அதைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று விசாரிப்பது நம் முன்னோர் வகுத்துத் தந்த வழக்கம். அறிவித்தவர்களின் தொடரில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் அச்செய்தியை ஒதுக்கி வைத்த அறிஞர் பெருமக்களை நாம் அறிவோம். ஒரே ஒரு செய்தியைச் சரிபார்ப்பதற்காகத் திங்கள் கணக்கில் பயணம் செய்தவர்களின் வரலாறும் நமக்குப் புதிதன்று. இம்முறை மார்க்கக் கல்விக்கு மட்டும் உரியதன்று. எந்த வரலாற்றுக்கும் இதுவே அளவுகோல். இந்த அளவுகோலைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சென்ற நூற்றாண்டின் இசைத்தட்டு ஒன்று சான்றாக நிற்கிறது. உயிரோடு உழைத்துக் கொண்டிருந்த ஒரு பாடகரை, அவர் பாட்டை உயிராக நேசித்தவர்களே கால் நூற்றாண்டுக் காலம் இறந்தவராக எண்ணியிருந்தனர். அவ்விசைத்தட்டின் பெயரே 'ஒப்பனையற்ற உண்மை' என்று பொருள்படுவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஊரும் பேரும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த டெட்ராய்ட் நகரில் 1942-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் பிறந்தவர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். பிழைப்பை நாடி மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பம் அவருடையது. ஆறாவது பிள்ளையாகப் பிறந்தமையால், அப்பொருள் தோன்றச் சிக்ஸ்டோ என்று பெயரிட்டனர்.

டெட்ராய்ட், உலகுக்கே மோட்டார் வண்டி செய்து கொடுத்த நகரம். ஆலைகளில் வேலை கிடைக்கும் என்று பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கே வந்து குவிந்தனர். 1950-இல் சுமார் 18 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வாழ்ந்த அந்நகரத்தின் மக்கள் தொகை 1970-இல் 15 இலட்சமாகக் குறைந்தது. 2010-இல் 7 இலட்சத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. 1967 ஜூலையில் அங்கே மூண்ட கலவரத்தில் 43 பேர் மாண்டனர். வசதி உள்ளவர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர, வசதியற்றவர்கள் பாழடைந்த தெருக்களில் தங்கிப் போயினர். ரோட்ரிகஸ் அவ்வாறு தங்கிப் போனவர்களின் தெருவைச் சேர்ந்தவர்.

கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாமே எழுதித் தாமே மெட்டமைத்துத் தாமே பாடும் பாவலர்கள் அமெரிக்காவில் பெருகியிருந்த காலம் அது. ரோட்ரிகஸின் முதல் சிறு இசைத்தட்டு 1967-இல் வெளிவந்தது. அதில் அவர் பெயர் 'ராட் ரீகஸ்' என்று இரண்டாக உடைத்து அச்சிடப்பட்டிருந்தது. அது எடுபடவில்லை. அதன் பின்னர், டெட்ராய்ட் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு மதுக்கூடத்தில் அவர் பாடக் கேட்ட டென்னிஸ் காஃபி, மைக் தியோடர் என்னும் இசைத்துறையினர் இருவர் அவர்பால் ஈர்க்கப்பட்டனர். வந்திருந்தோர்க்கு முதுகைக் காட்டியபடி அவர் பாடிக் கொண்டிருந்தாராம். முகம் தெரியவில்லை, சொல்லே முதலில் அவர்களை எட்டியது.

முப்பது நிமிடத்துச் சாட்சியம்

1969-ஆம் ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் திங்கள்களில் டெட்ராய்ட் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் 'கோல்டு ஃபேக்ட்' என்னும் நெடுந்தட்டு பதிவாயிற்று. காஃபியும் தியோடரும் அதை உருவாக்கினர். பிறர் நடுவே இசைக்கக் கூச்சப்படுபவர் என்பதால், ரோட்ரிகஸ் தனியே கிதாரை மீட்டிப் பாடியதை முதலில் பதிவு செய்துகொண்டு, பிற கருவிகளின் இசையைப் பின்னர் அதன்மேல் சேர்த்தனர். 1970 மார்ச்சில் சசெக்ஸ் என்னும் நிறுவனம் அதை வெளியிட்டது. மொத்தம் 12 பாட்டுகள்; அவற்றுள் 10 ரோட்ரிகஸ் எழுதியவை. முழுவதையும் கேட்க அரைமணிக்குச் சற்றுக் கூடுதலான நேரமே ஆகும்.

அவருடைய குரல் பேச்சுக்கு மிக அருகில் நிற்பது. அழுகையோ ஆர்ப்பாட்டமோ அதில் இல்லை. நகராட்சியின் அலட்சியமும் அதிகாரத்தில் இருப்போரின் பாசாங்கும் ஏழைத் தெருவின் அவலமும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒரு பாட்டின் தலைப்பே, இது பாட்டன்று, ஒரு கொந்தளிப்பு என்று அறிவிக்கிறது. செல்வர்களின் மோசடி என்று தலைப்பிட்ட மற்றொன்று, ஏழ்மையை அறியாதவர்கள் ஏழைக்கு உபதேசம் செய்வதை இடித்துரைக்கிறது. தட்டுக்குப் பெயராக அமைந்த சொற்றொடரும் அதிலுள்ள பாட்டுகளிலேயே வருவதுதான்.

இதில் உள்ள எல்லாப் பாட்டும் எல்லார் வீட்டுக்கும் ஏற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. முதற் பாட்டாகிய 'சுகர் மேன்' போதைப்பொருள் விற்பவனை விளித்துப் பாடுவது. அதைக் கேட்டு முகஞ் சுளித்தவர்கள் பலர். எனினும் பிற்காலத்து மேடைகளில், இது நடப்பதைச் சொல்லும் பாட்டேயன்றிச் செய்யச் சொல்லும் பாட்டன்று என்று ரோட்ரிகஸே விளக்குவதுண்டு. அரபு அணியிலக்கணம் பயின்றவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். உள்ளதை அறிவிக்கும் கூற்றை 'கபர்' என்பர். அது மெய்யா பொய்யா என்று ஆராய இடமுண்டு. ஏவல், விலக்கல், வினா, விழைவு முதலியவற்றை 'இன்ஷா' என்பர். அவற்றில் மெய் பொய் என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லை. அக்காலத்துப் பாவலர் பலர் ஏவலையும் விழைவையும் பாடினர். புது உலகம் பிறக்கப் போகிறது என்றனர். ரோட்ரிகஸின் பாட்டுகளில் பெரும்பாலானவை கபர் வகையைச் சேர்ந்தவை. தெருவில் கண்டதை அவர் அறிவித்தார்; மெய்யா பொய்யா என்று பார்ப்பதைக் கேட்போரிடம் விட்டுவிட்டார்.

சொந்த நாட்டில் அத்தட்டு விலைபோகவில்லை. அதே சசெக்ஸ் நிறுவனம் 1971-இல் வெளியிட்ட பில் விதர்ஸ் என்பவரின் பாட்டுகள் நாடெங்கும் ஒலித்தன. ஆகவே வெளியிட்டோர்க்கு விற்கத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. ஸ்பானியப் பெயர் கொண்ட, மேடையில் முகம் காட்டத் தயங்கிய, ஆறுதல் சொல்லாத ஒரு பாடகரை எந்த அலமாரியில் வைப்பது என்று அந்தச் சந்தைக்கு விளங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். 1971-இல் இலண்டனில் பதிவான இரண்டாவது நெடுந்தட்டுக்கும் அதே கதி நேர்ந்தது. நிறுவனம் அவரைக் கைவிட்டது. 1975-இல் நிறுவனமே மூடப்பட்டது.

கடல் கடந்த புகழ்

டெட்ராய்ட்டில் அடங்கிய குரல் தென்னாப்பிரிக்காவில் எழுந்தது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே வெளியிடப்பட்ட 'கோல்டு ஃபேக்ட்', கைக்குக் கை மாறிப் பரவியது. வாங்க இயலாதவர்கள் ஒலிநாடாவில் படியெடுத்துக் கொண்டனர்.

அன்றைய தென்னாப்பிரிக்காவின் நிலையை உணர்ந்தால்தான் இப்புகழின் காரணம் விளங்கும். நிறவெறி அரசு நாட்டைப் பூட்டி வைத்திருந்தது. தொலைக்காட்சி 1976-இல்தான் அந்நாட்டுக்கு வந்தது. அந்நாட்டுடன் கலைத் தொடர்பு கொள்ள வேண்டாமென்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1968-இல் கேட்டுக்கொண்டது. ஆதலால் வெளிநாட்டுப் பாடகர்களின் வருகையும் அருகிப் போயிற்று. 1967 முதல் வெள்ளை இளைஞர் அனைவருக்கும் படைப்பணி கட்டாயமாயிற்று. 1977-இல் அதன் காலம் ஈராண்டாக நீட்டப்பட்டது. தாங்கள் எதற்காகப் போரிடுகிறோம் என்று அறியாமல் பாசறைகளில் கிடந்த இளைஞர்கள் இப்பாட்டுகளைக் கேட்டனர். அதிகாரத்தில் உள்ளவர்களைக் கேள்வி கேட்கலாம் என்பதே அவர்களுட் பலருக்கு அன்று புதுச் செய்தி. அரசு ஒலிபரப்புக் கழகமோ, தன் நூலகத்தில் இருந்த தட்டில் ஒவ்வாத பாட்டு உள்ள இடத்தைக் கூரிய கருவியால் கீறி வைத்தது. யாரும் மறந்தும் அதை ஒலிபரப்பிவிடக் கூடாது என்பதே நோக்கம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இத்தட்டைக் கொண்டாடியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். நிறவெறியின் சுமையைத் தாங்கியவர்கள் கறுப்பின மக்களும், கலப்பினத்தவரும், தமிழ் வழியினர் உள்ளிட்ட இந்தியர்களும் ஆவர். போராடி விடுதலை பெற்றவர்களும் முதன்மையாக அவர்களே. ஓர் இசைத்தட்டு அவ்வரசை வீழ்த்தியது என்று யாரேனும் சொன்னால் அது சிறைப்பட்டோர்க்கும் உயிர்நீத்தோர்க்கும் இழைக்கும் அநீதி. ஆயினும் ஆளும் இனத்துப் பிள்ளைகளுட் சிலர் தம் தந்தையரின் ஆட்சியை ஐயத்தோடு நோக்க இப்பாட்டுகளும் ஒரு காரணமாயின என்பது மிகையன்று. 1980-களின் இறுதியில் அரசை எதிர்த்துப் பாடிய ஆஃப்ரிகானர் இளைஞர் சிலர், ரோட்ரிகஸ் தமக்கு ஊக்கமளித்ததாகப் பின்னாளில் கூறியுள்ளனர்.

சான்று இல்லாத மரணம்

இத்தனை பேர் பாடிய பாட்டைப் பாடியவர் யார்? தட்டின் உறையில் கறுப்புக் கண்ணாடி அணிந்து சம்மணமிட்டு அமர்ந்திருந்த உருவம் ஒன்றுதான் அவர்கள் அறிந்தது. உறையில் ரோட்ரிகஸ் என்ற பெயர் இருந்தது. பாட்டெழுதியவர் பெயரோ வேறு விதமாக அச்சாகியிருந்தது. பிறந்த ஊர் தெரியவில்லை. வேறு விவரமும் இல்லை.

விவரம் இல்லாத இடத்தில் வதந்தி குடிபுகுந்தது. மேடையிலேயே தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார் என்றனர் சிலர். இல்லை, மேடையில் தீக்குளித்து இறந்தார் என்றனர் வேறு சிலர். எந்த ஊரில், எந்த ஆண்டில், பார்த்தவர் யார் என்று கேட்டால் மறுமொழி இல்லை. ஒருவருக்கு ஒருவர் சொன்னார். அவருக்கு மற்றொருவர் சொன்னார். தொடரின் தலைமாட்டில் எவரும் இல்லை. ஒரே மரணத்துக்கு ஒன்றோடொன்று முரண்படும் வர்ணனைகள் உலவுவதே அச்செய்தியை ஐயுறப் போதுமான காரணம். எனினும் ஐயுற்றவர் அரிது. துயரமான முடிவு பாட்டுக்குப் பொருத்தமாகத் தோன்றியது. பொருத்தமாக இருப்பதை மக்கள் உண்மை என்று கொண்டனர்.

உண்மை வேறாயிருந்தது. ரோட்ரிகஸ் டெட்ராய்ட்டிலேயே வாழ்ந்தார். பழைய கட்டடங்களை இடிப்பது, வீடுகளைப் பழுது பார்ப்பது ஆகிய கூலி வேலைகளைச் செய்து பெண் மக்களை வளர்த்தார். 1976-இல் அரசு ஏலத்தில் 50 டாலருக்குப் பாழடைந்த வீடொன்றை வாங்கிக் குடியேறினார். வேலைக்கு இடையே படித்து, 1981-இல் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். ஏழைகளின் குறையை எடுத்துரைக்க நகரத் தேர்தல்களிலும் நின்று பார்த்தார், வெல்லவில்லை. கடலுக்கு அப்பால் தம் பாட்டு வீடுதோறும் ஒலிப்பதை அவர் அறியார். அங்கே பாடியவர்கள் இங்கே ஒருவர் செங்கல் சுமப்பதை அறியார்.

தேடியவர்கள்

நிறவெறி ஆட்சி முடிந்து, நாட்டின் கதவுகள் திறந்த பின்னரே தேடல் தொடங்கியது. கேப் டவுன் நகரத்து ஸ்டீபன் செகர்மன் என்னும் இசையன்பர், 1996-இல் ரோட்ரிகஸின் இரண்டாவது தொகுப்பு தென்னாப்பிரிக்காவில் குறுந்தட்டாக வெளிவந்தபோது அதற்கு எழுதிய குறிப்பில், இவரைப் பற்றி யாரேனும் துப்புத் துலக்க மாட்டார்களா என்று கேட்டிருந்தார். அதைப் படித்த கிரெய்க் பார்த்தலமியூ ஸ்ட்ரைடம் என்னும் பத்திரிகையாளர் அப்பணியை மேற்கொண்டார். இருவரும் கைகோத்தனர். பாடகரைத் தேடும் இணையப் பக்கம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

தட்டு விற்ற பணம் எங்கே போயிற்று என்று தேடிய வழிகள் அடைபட்டன. கடைசியில் கைகொடுத்தது பாட்டேதான். பாட்டு ஒன்றில் டியர்பார்ன் என்ற ஊர்ப்பெயர் வருவதை ஸ்ட்ரைடம் கவனித்தார். தேசப்படத்தைப் புரட்டினார். டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர் அது. இன்று அரபு முஸ்லிம்கள் பெருந்தொகையினராக வாழ்வதால் நம் வாசகர்களும் கேள்விப்பட்டிருக்கக்கூடிய ஊர். அந்த இழையைப் பற்றிச் சென்று, 1997-இல் மைக் தியோடரைத் தொலைபேசியில் பிடித்தார். ரோட்ரிகஸ் எவ்வாறு இறந்தார் என்று கேட்டவருக்கு, அவர் உயிரோடு இருக்கிறார் என்ற மறுமொழி கிடைத்தது. பாடகரின் மூத்த மகளும் இணையப் பக்கத்தைக் கண்டு தொடர்பு கொண்டார்.

ஆயிரம் பேர் கொண்டாடிய கற்பனை, நேரில் அறிந்த ஒருவரின் வாய்மொழி முன் ஒரு நொடியில் பொடியாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளாக எவரும் கேளாத கேள்வியை ஒருவர் முறையாகக் கேட்டார், அவ்வளவுதான்.

1998 மார்ச்சில் ரோட்ரிகஸ் தென்னாப்பிரிக்கா சென்று ஆறு நிகழ்ச்சிகளில் பாடினார். அப்போது அவருக்கு வயது 55. கேப் டவுனில் அவர் மேடையேறியதும் எழுந்த ஆரவாரம் அடங்க நெடுநேரமாயிற்று. பாட்டின் ஒவ்வோர் அடியையும் கூட்டத்தினர் உடன் பாடினர். பின்னர் அவர் டெட்ராய்ட் திரும்பினார். அதே வீட்டிலேயே வாழ்ந்தார். கிடைத்த பொருளில் பெரும்பகுதியைக் குடும்பத்தார்க்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டதாக அவரை அறிந்தோர் கூறுவர்.

படமும் விட்டுப்போன பக்கமும்

2008-இல் அமெரிக்காவில் 'கோல்டு ஃபேக்ட்' மறுபதிப்புக் கண்டது. சுவீடன் நாட்டு மாலிக் பெஞ்சலூல் என்பவர் இவ்வரலாற்றை 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' என்னும் ஆவணப்படமாக்கி 2012-இல் வெளியிட்டார். 2013-இல் அப்படம் ஆஸ்கர் விருது பெற்றது. விருது விழாவுக்கு ரோட்ரிகஸ் செல்லவில்லை. படத்தால் அவர் பெயர் உலகெங்கும் பரவியது.

ஆனால் வரலாற்றை எழுதுவோர் இங்கேயும் ஒரு கணம் நிற்க வேண்டும். 1970 தொட்டு 1998 வரை அவரை உலகமே மறந்திருந்தது என்ற எண்ணத்தைப் படம் தருகிறது. அது முழு உண்மையன்று. ஆஸ்திரேலியாவிலும் அவர் பாட்டுகள் விரும்பிக் கேட்கப்பட்டன. 1979-இலும் 1981-இலும் அவர் அந்நாட்டுக்குச் சென்று பெருங்கூட்டங்களில் பாடியிருக்கிறார். அப்படியானால், தென்னாப்பிரிக்கர்கள் அவரை இறந்தவர் என்று சொல்லிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர் மற்றொரு நாட்டின் மேடையில் பாடிக் கொண்டிருந்தார்! படம் இப்பக்கத்தை விட்டுவிட்டது. கதைக்கு அது இடைஞ்சல் என்று கருதியிருக்கலாம். வதந்தியை உடைத்த படமே, அழகுக்காக உண்மையின் ஒரு துண்டை நறுக்கியது எனில், செய்தியைச் சரிபார்க்கும் கடமை ஒருநாளும் முடிவதில்லை என்பது தெளிவு.

மற்றொரு செய்தியும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் மட்டும் ஐந்து இலட்சம் தட்டுகள் வரை விற்றிருக்கும் என்று மதிப்பிடுவோர் உளர். அந்த ஆண்டுகளில் பாடியவர் கூலிக்குக் கட்டடம் இடித்துக் கொண்டிருந்தார். பாட்டுகளின் உரிமை பற்றி 2014-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கும் எழுந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. உழைத்தவனின் கூலி தாமதமின்றி அவன் கைக்குச் சேர வேண்டும் என்பது நமக்குப் பழகிய அறம். இறந்தவன் கூலி கேட்க மாட்டான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வதந்தி ஒருவரைப் புதைக்கும்போது அவருக்குச் சேர வேண்டிய கடனையும் கூடவே புதைத்து விடுகிறது.

நிலைத்திருப்பது எது?

கதை வியப்பானது என்பதால் மட்டும் பாட்டு நிலைத்துவிடாது. படம் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, கதை எதுவும் அறியாத இளைஞர்கள் அதை நெஞ்சில் ஏற்றிருந்தனர். காரணம் அப்பாட்டின் இயல்பிலேயே இருக்கிறது.

ரோட்ரிகஸ் தாம் பார்க்காததைப் பாடவில்லை. தம் நகரத்தின் பெயர் சொல்லக்கூடிய தெருக்களையும் ஊர்களையும் பாடினார். ஓரிடத்தை உண்மையாகச் சொன்னவன் பல இடங்களுக்குச் சொன்னவனாகிறான். டெட்ராய்ட்டின் பாழடைந்த தெருவைக் கேட்டவர்கள் தம் நாட்டின் அநீதியை அதில் இனங்கண்டனர். மேலும், அப்பாட்டுகளில் முழக்கம் இல்லை. முழக்கம் அது எழுந்த காலத்தோடு பழையதாகிவிடும். சாட்சி சொன்ன சொல் அவ்வளவு எளிதில் பழையதாவதில்லை. பாடியவரின் வாழ்க்கையும் பாட்டைப் பொய்யாக்கவில்லை. ஏழைத் தெருவைப் பாடிவிட்டு மாளிகைக்குப் போனவர் அல்லர் அவர். புகழ் வந்த பின்னும் அத்தெருவிலேயே இருந்தார்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில் ரோட்ரிகஸ் காலமானார். இம்முறை செய்தி உண்மையாயிருந்தது. சொன்னவர் யார் என்பதும் உலகுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு பாட்டை நேசிக்கிறோம் என்றால் அதைப் பாடியவர் யார், எழுதியவர் யார், எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று ஒருமுறையேனும் விசாரிப்பது அந்த நேசத்தின் கடமை. நம் வீட்டுத் திருமணங்களில் ஒலிக்கும் பாட்டுகளில் எத்தனைக்கு எழுதியவர் பெயரை நம்மால் சொல்ல முடியும்? பிள்ளைகள் பாடக் கேட்கும்போது அவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். தெரியாதெனில் தெரிந்தவரை நாடிச் சென்று கேட்கலாம். எவர் கண்டார், விசாரித்துப் போன வீட்டின் திண்ணையில் அவரே உட்கார்ந்திருக்கவும் கூடும்.